கரண்டு வைக்கணும்

"தையல் நல்லா ஆறிடுச்சு. இனிமே தள்ளக்கூடாது, கரண்டு வைக்கணும்" என்றார் டாக்டர்.

அவர் மேல் தப்பு சொல்ல முடியாது. ரேடியோதெரபி என்று சொன்னால் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் திருதிருவென்று முழிக்கிறார்கள். கரண்டு என்றால் உடனே தலையாட்டுகிறார்கள். கேன்சர்காரர்களை மிஷினில் படுக்கவைத்துச் செய்யும் அந்த வைத்தியத்துக்குச் செங்கல்பட்டு ஜில்லா முழுக்க வழங்குகிற பேர் அதுதான். அந்தச் சொல்லை உலகத்தில் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். ஸ்டான்லியிடம் மட்டும் சொல்லியிருக்கக் கூடாது.

"இன்னா வெக்கணும்?" என்று கேட்டான் ஸ்டான்லி.

"கரண்டுங்க. வலிக்காது, பயப்படாதீங்க. தலையில கட்டியை எடுத்துட்டோம். ஆனா வேர் மாதிரி கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருக்கும். அதைக் கரண்டு வெச்சுத்தான் அழிக்கணும். இப்ப ஆரம்பிச்சா வருஷக்கணக்குல நல்லா இருப்பீங்க. விட்டுட்டா சில மாசம்தான்."

ஸ்டான்லி டாக்டரைப் பார்க்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி ஜாய்ஸைப் பார்த்தான். பிறகு தையல் போட்ட தலைமேல் துண்டை இழுத்துக் கட்டிக்கொண்டு எழுந்தான். "ரொம்ப டேங்க்ஸ் சார்" என்று கும்பிட்டுவிட்டு வெளியே போய்விட்டான். சினிமா பிடிக்காமல் இடைவேளையில் எழுந்து போகிறவனைப் போல அத்தனை அமைதியாகப் போனான்.

ஜாய்ஸ் டாக்டரிடம் என்னென்னவோ உளறிவிட்டு, ஃபைலை அள்ளிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். ஆஸ்பத்திரி வாசலில்தான் அவனைப் பிடிக்க முடிந்தது.

"மாமா, நில்லு. இன்னா இது, பாதியில எயுந்து வந்துட்ட?"

"அப்பால இன்னாமே பண்றது? கரண்டால வந்த கட்டிக்குக் கரண்டே வெக்கிறாங்களாம். குடிச்சிக் குடிச்சி ஈரல் கெட்டுப் போனவனுக்கு மருந்துன்னு குவார்ட்டர் ஊத்துவாங்களா?"

அவள் எப்படி மறுப்பாள்? கரண்டால்தான் வந்தது என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான்.

திருப்போரூர்ப் பக்கம் ஒரு ஃபோர்ஜிங் கம்பெனியில் ஸ்டான்லிக்கு வேலை. இரும்புத் துண்டுகளைப் பழுக்கக் காய்ச்சி, சம்மட்டி மிஷினில் அடித்து, வண்டிகளுக்குப் பாகம் செய்கிற இடம். காய்ச்சுவதற்கு அங்கே நெருப்பு கிடையாது. தடித்த தாமிரக் குழாயைச் சுருள் சுருளாகச் சுற்றி வைத்திருப்பார்கள். காயில் என்று பேர். அதில் கரண்டு பாய்ந்தால் காந்தம் கிளம்பும். அந்தக் காந்தமே உள்ளே தள்ளுகிற இரும்பைச் சிவக்க வைத்துவிடும். அந்தக் காயிலின் வாய்க்குப் பக்கத்தில் நின்று துண்டு துண்டாகத் தள்ளுவதுதான் ஸ்டான்லியின் வேலை. மகள் கவியா கைக்குழந்தையாக இருந்தபோது போய் நின்றவன், அவள் ஒன்பதாவது படிக்கிற வரைக்கும் அங்கேயேதான் நின்றான்.

சேர்ந்த புதிதில் அவனுடைய கல்யாண மோதிரம் காயிலுக்குப் பக்கத்தில் விரலோடு சூடாகிவிட்டது. அன்றிலிருந்து ஒரு வழக்கம் வந்தது. காலையில் பூஞ்சேரி கூட்ரோட்டில் கம்பெனி பஸ் வந்து நிற்கும். ஏறுவதற்கு முன் ஸ்டான்லி மோதிரத்தைக் கழற்றி, வழியனுப்ப வந்த ஜாய்ஸின் உள்ளங்கையில் வைப்பான். அவள் அதைக் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, அந்த விரலோடு நாளெல்லாம் தையல் மிஷின் ஓட்டுவாள். சாயங்காலம் அவன் இறங்கும்போது திருப்பிப் போட்டுவிடுவாள். பஸ்ஸில் இருக்கிறவர்கள் சும்மா விடுவார்களா? "இன்னா மச்சான், டெய்லி கண்ணாலமா?" என்று ஜன்னல் வழியாகக் கிண்டல் செய்வார்கள். அவன் கூச்சப்பட்டதே இல்லை.

போன வருஷம் கம்பெனிக்கு வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்குகிறவர்கள் வந்தார்கள். அவர்களோடு வந்த ஒரு ஆள் கையில் சின்ன மீட்டர் ஒன்றை வைத்துக்கொண்டு காயிலைச் சுற்றிச் சுற்றி வந்தான். மறுவாரம் தரையில் மஞ்சள் கோடு போட்டார்கள். லாடம் மாதிரிக் காந்தப் படம் வரைந்த பலகை ஒன்றையும் மாட்டினார்கள். மிஷின் ஓடும்போது கோட்டுக்கு வெளியேதான் நிற்க வேண்டும் என்றார்கள். இரும்பைத் தள்ள நீளமான கம்பி ஒன்றும் வந்து சேர்ந்தது.

"இத்தினி வருசமா நான் கோட்டுக்கு உள்ளாற நின்னுகினு இருந்தேனாம்மே" என்று ஸ்டான்லி வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரித்தான். ஜாய்ஸும் சேர்ந்து சிரித்தாள்.

அப்புறம் அவனுக்குத் தலைவலி வந்தது. ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டின் மேலேயே விழுந்து கை கால் இழுத்தது. ஸ்கேன் எடுத்தார்கள். தலைக்குள் கட்டி. அதன் பிறகு அந்த மஞ்சள் கோட்டைப் பற்றி வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

வியாதியைவிடக் கொடுமை, வியாதிக்குக் காரணம் கேட்டு வருகிறவர்கள். பாக்கு போடுவாரா, பீடி உண்டா, குடி உண்டா என்று வரிசையாகக் கேட்டார்கள். எதுவும் இல்லை என்றால் முகம் கோணினார்கள், ஏதோ இவள் மறைக்கிற மாதிரி. ஜெபக்கூட்டத்தில் ஒரு அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, இந்தக் குடும்பத்துல மறைஞ்சு கெடக்குற பாவத்தைக் காட்டும்" என்று உருகி உருகி ஜெபித்தாள். அன்றைக்கு ஜாய்ஸுக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. பாவமாம். ஞாயிற்றுக்கிழமை தூங்குவதைத் தவிர வேறு ஒரு பாவமும் தெரியாத மனுஷன் அவன்.

அந்தக் கோபத்தில்தான் அவள் மஞ்சள் கோட்டைப் பிடித்துக்கொண்டாள். செல்போனில் காந்தம், கேன்சர் என்று தேடத் தேட வீடியோ வந்து கொட்டியது. பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. புரிந்த பாதி அவளுக்குப் போதுமானதாக இருந்தது. பாஸ்டரிடம் சொன்னாள், ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்தவர்களிடம் சொன்னாள், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர்களிடம்கூடச் சொன்னாள். கடைசியில் ஸ்கேன் ஃபிலிமைத் தூக்கிக்கொண்டு போய்க் கம்பெனி கேட்டிலேயே நின்றுவிட்டாள். மேனேஜர் சம்பத் வெளியே வந்து, அவளை செக்யூரிட்டி ரூமில் உட்காரவைத்து, டீ வரவழைத்துக் கொடுத்தார். "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா" என்றார்.

"அப்போ கோடு எதுக்கு சார் போட்டீங்க?"

சம்பத் வாயைத் திறந்தார், மூடினார். அந்த மௌனத்தை ஜாய்ஸ் பரிசுக் கோப்பை மாதிரி வீட்டுக்குக் கொண்டுவந்து ஸ்டான்லியிடம் காட்டினாள். "அப்டியே கேட்டியா? மெய்யாலுமா?" என்று அவன் படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்தான். பல நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டான். என்ன பிரயோஜனம்? பெட்டிஷன் போட்டும் லேபர் ஆபீஸ் நம்பவில்லை, சங்கம் நம்பவில்லை. ஊரில் ஒரே ஒரு ஆள்தான் அவள் சொன்னதை எழுத்துக்கு எழுத்து நம்பினான். அந்த ஆள்தான் இப்போது டாக்டரைக் கும்பிட்டுவிட்டு எழுந்து வந்திருக்கிறான்.

அதற்கப்புறம் அவள் கெஞ்சிப் பார்த்தாள், கத்திப் பார்த்தாள், பட்டினி கிடந்து பார்த்தாள். அவன் அசையவில்லை. கோபப்பட்டிருந்தாலாவது சண்டை போடலாம். "நீ சொன்னது சரிதாம்மே, சரியாச் சொன்னவளே இப்போ ஏன் மாத்துற?" என்று அன்பாகக் கேட்கிறவனிடம் என்ன செய்வது?

ஒரு நாள் காலையில் அவள் தைக்க உட்கார்ந்தபோது மிஷினில் மோட்டாரைக் காணோம். பிடுங்கிய இடத்தில் ஸ்க்ரூ துளைகள் மட்டும் இருந்தன. மோட்டார் பழைய துணியில் சுற்றிப் பரணில் கிடந்தது.

"காந்தம் இல்லாம மோட்டாரு ஓடாது" என்றான் ஸ்டான்லி. "வயித்துக்கு நேரா வெச்சிகினு ஓட்டுற. உனுக்கும் வந்துட்டா கவியாவ யாரு பாப்பாங்க? காலாலயே மிதி."

கட்டி வந்ததிலிருந்து இடது கை சரியாகப் பிடிக்காதவன், ஸ்க்ரூ டிரைவரை வைத்துக்கொண்டு எத்தனை நேரம் போராடினானோ தெரியவில்லை. ஜாய்ஸ் காலால் மிதித்துத் தைத்தாள். தைத்துக்கொண்டே அழுதாள். கவியா பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீதானம்மா சொன்ன. நீயே போய் இல்லன்னு சொல்லு" என்றாள்.

"நான் சொன்னா இப்போ நம்ப மாட்டாருடி. பயத்துல மாத்திப் பேசுறேன்னு நெனைப்பாரு. சொல்ல வேண்டியவங்க சொல்லணும்."

சொல்ல வேண்டியவர் என்றால் சம்பத்தான். எந்த கேட்டில் நின்று கத்தினாளோ அதே கேட்டில் மறுபடி போய் நின்றாள். இந்த முறை கையில் ஃபிலிம் இல்லை. சம்பத் அவளைப் பார்த்ததுமே முகம் வெளிறினார். ஆனாலும் உள்ளே கூப்பிட்டு ஆபீஸ் ரூமில் உட்காரவைத்தார்.

"சார், சம்பந்தம் இல்லன்னு அன்னிக்கு சொன்னீங்களே, அத வூட்டாண்ட வந்து அவராண்ட ஒரு வாட்டி சொல்லுங்க சார். கரண்டு வெக்க மாட்டேன்னு அடம் புடிச்சிகினு கீறாரு. நீங்க சொன்னா கேப்பாரு."

"அப்ப நீங்க போட்ட பெட்டிஷன்?"

"கிழிச்சிப் போட்டுடுறேன் சார். எனக்கு ஒண்ணும் வாணாம். ஆளு இருந்தாப் போதும்."

சம்பத் மேஜை மேலிருந்த பேனாவை எடுத்து வைத்தார், மறுபடி எடுத்தார். "நீங்க வந்துட்டுப் போனப்புறம் ஹெட் ஆபீஸ்ல வக்கீலை வெச்சுப் பேசினாங்கம்மா. இதைப் பத்தி யாரும் ஆமான்னும் சொல்லக்கூடாது, இல்லைன்னும் சொல்லக்கூடாதுன்னு ஆர்டர். அன்னிக்கு உங்ககிட்ட இல்லைன்னு சொன்னதுக்கே எனக்குத் திட்டு விழுந்துச்சு."

"உங்களுக்கு சாதகமாத்தான சார் சொல்லச் சொல்றேன்."

"புரியுதும்மா. இருந்தாலும் நான் வாயைத் திறக்க முடியாது." அவருக்கே அது அசிங்கமாகத்தான் இருந்தது. "அவரை நல்லாப் பாத்துக்கங்க" என்று குனிந்த தலையோடு சொன்னார்.

வெளியே வரும் வழியில் ஷெட்டின் கதவு திறந்திருந்தது. காயிலுக்கு முன்னால் ஸ்டான்லி நின்ற இடத்தில் வேறு ஒருவர் நின்றுகொண்டிருந்தார். நீளக் கம்பி சுவரில் சாய்ந்து கிடந்தது. அதை வைத்துத் தள்ளினால் வேலை ஓடாது போலிருக்கிறது. அவருடைய செருப்பின் முன்பாதி மஞ்சள் கோட்டுக்கு உள்ளே இருந்தது. "அண்ணாத்த, பின்னாடி தள்ளி நில்லு" என்று கத்த வேண்டும் போல ஜாய்ஸுக்கு இருந்தது. கோடு ஒன்றுமில்லை என்று சொல்லச் சொல்லி இப்போதுதான் கெஞ்சிவிட்டு வருகிறோம் என்பது நினைவுக்கு வர, வாயைப் பொத்திக்கொண்டு நடந்தாள்.

மிச்சம் இருந்தவர் தாமோதரன் சார். அணு ஆராய்ச்சியில் வேலை, டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ். அவர் மனைவி பிரபாவதி மேடத்துக்கு ஜாய்ஸ்தான் ரவிக்கை தைக்கிறாள். மேடம் சொன்னதும் மறுபேச்சுப் பேசாமல் சனிக்கிழமை ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து, கொடுத்த டீயைக் குடித்து, ஸ்டான்லியின் உடம்பைப் பற்றிப் பொறுமையாக விசாரித்தார். இவ்வளவு நல்ல மனுஷன் கெடுக்கப் போகிறார் என்று யார் நினைத்தார்கள்?

"முதல்ல ஒண்ணு சொல்லிடறேன் ஸ்டான்லி. அது கரண்டே இல்லை. ஊர்ல அப்படிச் சொல்லிப் பழகிட்டாங்க."

ஜாய்ஸுக்கு உயிர் வந்தது. ஸ்டான்லியும் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அப்போ இன்னா சார் அது?"

"கதிர்வீச்சு" என்றார் தாமோதரன்.

வேறு எந்த ஊராக இருந்தாலும் இந்தச் சொல்லால் ஒன்றும் ஆகியிருக்காது. இந்தக் கடற்கரையில் குழந்தைகூட அதைக் கேட்டால் திரும்பிப் பார்க்கும். அணு மின் நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு அவ்வப்போது ஒத்திகை நடக்கும். ஜீப்பில் மைக் வைத்துக்கொண்டு வந்து, வெளியே வராதீர்கள், கதவு ஜன்னலைச் சாத்துங்கள் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். எதற்கு என்று கேட்டால் கதிர் வந்தால் என்ன செய்வது என்று பழக்குகிறார்களாம்.

ஸ்டான்லி மெதுவாகக் கேட்டான். "சார், ஒத்திகையில ஜன்னலச் சாத்தச் சொல்றீங்க. இப்போ என் மண்டையத் தொறந்து வெக்கச் சொல்றீங்களா?"

தாமோதரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, அளவாகக் குறிபார்த்துக் கொடுப்பதைப் பற்றியும், எத்தனை பேர் அதனால் பிழைத்திருக்கிறார்கள் என்பதைப் பற்றியும் நன்றாகத்தான் சொன்னார். ஸ்டான்லி மரியாதையாகக் கேட்டுக்கொண்டான்.

"சரி சார். நீங்க படிச்சவரு. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இந்தக் கட்டி அந்தக் காந்தத்தால வரலன்னு உங்களால அடிச்சிச் சொல்ல முடியுமா?"

ஜாய்ஸ் அவன் முதுகுக்குப் பின்னால் டம்ளரோடு நின்றிருந்தாள். ஒரே வார்த்தை. "முடியும்" என்று சொன்னால் போதும். கண்ணாலேயே அவரைக் கும்பிட்டாள். தாமோதரன் அவளைப் பார்த்தார். தர்மசங்கடம் அவர் முகத்தில் நன்றாகத் தெரிந்தது.

"காந்தப்புலம் அதிகமா இருக்கிற இடத்துல வேலை செய்யறவங்களை வெச்சு நிறைய ஆராய்ச்சி நடந்திருக்கு. சிலதுல இந்த மாதிரிக் கட்டி கொஞ்சம் கூடுதலா வர்ற மாதிரித் தெரியுது. பலதுல ஒண்ணுமே தெரியலை. நிரூபணம் ஆகலை."

"அப்போ இல்லன்னு சொல்லுங்க."

"நிரூபணம் ஆகலைன்னா இல்லைன்னு அர்த்தம் இல்ல. அதுதான் காரணமா இருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு. ஆனா உங்க ஒருத்தருக்கு எதனால வந்ததுன்னு யாராலயும் சொல்ல முடியாது."

"கொறைவுன்னா, சுத்தமா இல்லன்னு இல்லல்ல?"

"சுத்தமா இல்லைன்னு சொல்ல முடியாது" என்றார் தாமோதரன்.

டம்ளரை அவர் தலையில் போட்டால் என்ன என்று ஜாய்ஸுக்குத் தோன்றியது. தெரு முனை வரைக்கும் ஸ்கூட்டருக்குப் பக்கத்திலேயே நடந்து போனாள். "ஒரு பொய் சொன்னா இன்னா சார் ஆயிடும்? ஒரு உசுரு சார்."

"எனக்குப் பொய் வராதும்மா. சொல்லியிருந்தா என் மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடிச்சிருப்பார்" என்றார் அவர். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. கலங்கி என்ன செய்ய?

மறுவாரம் ஸ்டான்லிக்கு மறுபடி கை கால் இழுத்தது. தெளிந்து எழுந்தபோது இடது கால் கொஞ்சம் பின்னிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்து, இந்த வாரமாவது வந்துவிடுங்கள், அப்புறம் வந்து பலன் இருக்காது என்றார்கள். ஜாய்ஸ் போனை வைத்துவிட்டு சமையல்கட்டில் சுவரைப் பார்த்து நின்றாள். கம்பெனிக்காரர் வாயைத் திறக்க மாட்டார். படித்தவருக்குப் பொய் வராது. வேறு யாரிடம் போவது? ஜெபம் பண்ண உட்கார்ந்தாள். நான் கொன்றுவிட்டேன், என் வாயாலேயே கொன்றுவிட்டேன் என்று மட்டும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் ஸ்டான்லி கடலைப் பார்க்கணும் என்றான். ஷேர் ஆட்டோவில் கொக்கிலமேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். படகுகளைத் தாண்டி ஈரம் இல்லாத மணலில் உட்கார்ந்தார்கள். தூரத்தில் மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் சின்னதாகத் தெரிந்தது. அவன் மோதிரத்தைச் சுற்றிச் சுற்றி விட்டுக்கொண்டிருந்தான். வேலைக்குப் போகாததால் இப்போதெல்லாம் அது அவன் கையிலேயே இருந்தது. விரல் இளைத்துப்போனதால் கணுவரைக்கும் சரிந்தது.

"மாமா, உன்னாண்ட ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது."

"சொல்லு."

"நான் சொன்னது அத்தினியும் பொய்."

அவன் திரும்பவில்லை. கடலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கோடு எதுக்குப் போட்டீங்கன்னு கேட்டேன்ல, சம்பத் சார் வாயடைச்சிப் போய் நின்னாருன்னு சொன்னேன்ல? அவரு பதில் சொன்னாரு. சூட்டுக்குப் போட்ட கோடாம் அது. இரும்பு தெறிக்கும்னு போட்டதாம். காந்தத்துக்கும் கட்டிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லியாம். உன்னாண்ட மறைச்சிட்டேன். ஜனங்க பாவம் கீவம்னு பேசிச்சா, அந்த ஆத்திரத்துல நானா கட்டின கத மாமா."

"அப்போ பலகையில காந்தப் படம்?"

"அது..." என்று இழுத்தாள். "அது வெளிநாட்டுக்காரனுக்குக் காட்ட மாட்னது."

அலை வந்து போயிற்று. ஸ்டான்லி மணலைக் கையில் அள்ளி விரல் வழியாக விட்டான். "அப்போ யாரு மேல தப்பு?"

இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. இத்தனை மாதமாக அவளை நிற்க வைத்திருந்ததே இதற்கான பதில்தான். கம்பெனி, காயில், கோடு என்று கை நீட்டிக் காட்ட ஒன்று இருந்தது. ராத்திரி அழுகை வந்தால் யாரையாவது சபித்துவிட்டுத் தூங்கலாம். அதையும் இப்போது கையை விட்டு எறிய வேண்டும்.

"யாரு மேலயும் இல்ல மாமா. சும்மா வந்துச்சு" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் உடம்பு குலுங்கி அழுகை வந்துவிட்டது. அந்த அழுகையில் மட்டும் பொய் இல்லை.

ஸ்டான்லி மணலைத் தட்டிவிட்டு, அவள் முதுகில் கை வைத்தான். ரொம்ப நேரம் கையை எடுக்கவில்லை. "சரி, அழாத. நாளிக்குப் போலாம்" என்றான்.

அவள் நம்ப முடியாமல் பார்த்தாள். அவன் முகத்தில் கோபம் இல்லை. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டாள். வரும் வழியில் அவனுக்குப் பிடித்த சுண்டல் வாங்கிக் கொடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் தலை அசையாமல் இருக்க முகத்துக்கு வலை மாதிரி ஒரு மூடி செய்தார்கள். சூடான பிளாஸ்டிக்கை முகத்தில் அமுக்கி அச்சு எடுத்தபோதும் ஸ்டான்லி முனகவில்லை. அச்சு தயாரானதும் முதல் நாளுக்கு வரச் சொன்னார்கள்.

நீளமான தாழ்வாரத்தின் கடைசியில் அந்த ரூம் இருந்தது. பெட்டக அறைக் கதவைப் போல கனமான கதவு. மேலே அணைந்து கிடந்த சிவப்பு விளக்கு. கதவுக்கு முன்னால் தரையில் மஞ்சள் கோடு ஒன்று போட்டிருந்தது. பக்கத்துச் சுவரில், நோயாளியைத் தவிர மற்றவர்கள் கோட்டைத் தாண்ட வேண்டாம் என்று எழுதியிருந்தது.

ஸ்டான்லி கோட்டுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டான். ரோகிணி என்று பேர் குத்தியிருந்த டெக்னீஷியன் பெண் கதவைப் பிடித்துக்கொண்டு, "வாங்கண்ணா, பத்து நிமிஷத்துல முடிஞ்சிடும்" என்றாள். அவன் குனிந்து அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பி நடக்கப் போகிறான் என்றுதான் ஜாய்ஸ் நினைத்தாள்.

அவன் நடக்கவில்லை. இடது கையைத் தூக்கி, வலது கையால் மோதிரத்தைக் கழற்றினான்.

"மோதிரம் இருக்கட்டும்ண்ணா, இங்க அது ஒண்ணும் செய்யாது" என்றாள் ரோகிணி.

"இல்லம்மா. சூடாயிடும்" என்றான் ஸ்டான்லி.

பூஞ்சேரி கூட்ரோட்டில் பஸ் ஏறுவதற்கு முன்னால் வைக்கிற மாதிரியே ஜாய்ஸின் உள்ளங்கையில் அதை வைத்தான். விரல்களை மூடிவிட்டான். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. கடற்கரையில் அவள் சொன்ன எதையும் அவன் நம்பவில்லை. ஒரு வார்த்தையைக்கூட நம்பவில்லை. அவளுக்காக நம்பின மாதிரி இருந்திருக்கிறான். எந்தக் கரண்டு தன் தலையைத் தின்றது என்று நினைக்கிறானோ, அதே கரண்டுக்குள் படுக்க வந்திருக்கிறான், அவள் கேட்டுக்கொண்டாள் என்பதற்காக.

"மாமா..." என்றாள். போ என்று சொல்லவும் பயமாக இருந்தது, போகாதே என்று சொல்லவும் பயமாக இருந்தது.

"நீ கூப்ட்ட, வந்துட்டேன். அப்பால இன்னா?" என்றான் ஸ்டான்லி. பின்னுகிற காலை இழுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டினான். தாண்டிய பிறகு திரும்பிப் பார்த்து, "நீ அந்தாண்டயே நில்லுமே. கோட்டுக்கு உள்ளாற வந்துடாத" என்றான்.

கதவு மூடியது. சிவப்பு விளக்கு எரிந்தது. ஜாய்ஸ் மோதிரத்தைக் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு, அவன் சொன்னபடியே கோட்டுக்குப் பின்னால் தள்ளிப் போய் நின்றாள்.